நூறு பேர் பட்டியல்

'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018 ஆகஸ்டில் வந்தபோது அதைப் பற்றி எழுதிய பெரும்பாலோர் இரண்டு விஷயங்களைத்தான் சொன்னார்கள். ஒன்று, ஏலக்காய் மூட்டையைச் சுமந்துகொண்டு ரங்கசாமி மலையிறங்குகிற நடை. இன்னொன்று, தனக்கு ஒருகாலத்தில் சொந்தமாக இருந்த நிலத்திலேயே காற்றாலைக்கு வாட்ச்மேனாக அவர் உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சி. இரண்டும் சொல்ல வேண்டியவைதான். தேனி ஈஸ்வரின் கேமரா அந்த மலையை அழகுகாட்டாமல் காட்டியது. ஆண்டனி நடித்த மாதிரியே தெரியவில்லை. இளையராஜா பல இடங்களில் பேசாமல் இருந்தார். லெனின் பாரதியின் முதல் படம் இது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் கண் வேறொரு ஆள்மேல்தான் போய் நிற்கிறது. ரங்கசாமிக்கு விதையும் உரமும் கடனுக்குக் கொடுக்கிற ஆள். நல்லாத்தான் பேசுகிறார். ரங்கசாமி ஜெயிலில் இருக்கும்போது அவர் மனைவி ஈஸ்வரிக்கும் அந்தக் கணக்கு தொடர்கிறது. ரங்கசாமி வெளியே வருகிறபோது நிலம் கணக்குக்குள் போய்விட்டது. மலையால் கொல்ல முடியாதவரை ஒரு நோட்டுப் புத்தகம் தீர்த்துவிடுகிறது.

மூட்டையைத் தூக்கிவிடுவது யார், எந்த மேட்டில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார்கள், டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்கிறது. கடன் கொடுக்கிறவனின் வேலையைப் பற்றி எதுவுமே இல்லை. ஒரு மூட்டை உரத்துக்கு அவனுக்கு என்ன நிற்கும்? அவனுக்கு மேலே யார்? மாதக் கடைசியில் அவன் போனுக்கு யார் கூப்பிடுவார்கள்? உடம்பால் செய்கிற வேலையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த படம், வாயால் செய்கிற வேலை வந்ததும் அவசரப்படுகிறது. கமிஷன்காரன் கதைக்குத் தேவையான காரியத்தை முடித்துக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

லெனின் பாரதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது தமிழ்ப் புனைவுக்கே உள்ள பழக்கம். நம்முடைய கதைகளில் கமிஷனுக்கு வேலை செய்கிறவன் ஒன்று கங்காணி, இல்லையென்றால் ஃபிராடு, அதுவும் இல்லையென்றால் காமெடியன்.

*

போடியிலிருந்து தேவாரம் போகிற வழியில் இருக்கிறது சிலமலை. மேற்கே நிமிர்ந்தால் மலை. அந்த மலைக்கு மேலே கேரளம், ஏலத்தோட்டம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று பாதைகளில் விடியும் முன்னால் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறும். சாயங்காலம் இறங்கும். மலையில் விளைந்த காய் போடிக்கு வரும். பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து விலை கேட்பார்கள். போடியில் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில் ஒன்று. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, அடுத்த வருஷம் ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலத்தில் போனது. போடிக்காரர்கள் இன்னும் அந்த விலையைக் கல்யாணத் தேதி மாதிரி சொல்வார்கள். விலை ஏறினால் கடன் கொடுக்க ஆள் வரும், இறங்கினால் கடனை வசூலிக்க ஆள் வரும். ரெண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

இந்த ஊர்ப் பையன்கள் பி.காம். முடித்துவிட்டு என்ன செய்வார்கள்? ஜீப் ஏறக் கூடாது என்பதற்காகத்தானே அம்மா ஜீப் ஏறிப் படிக்கவைத்தாள். போலீஸ் தேர்வு, குரூப் ஃபோர், திருப்பூர், சென்னை. எதுவும் அமையாதவனுக்குத் தேனியில் மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. 'ரிலேஷன்ஷிப் எக்ஸிகியூட்டிவ்' என்று ஒரு அட்டை. சம்பளம் என்று ஒன்று சொல்வார்கள். அது பெட்ரோலுக்கும் போன் ரீசார்ஜுக்கும் சாயங்கால டீக்கும் ஆகும். மீதியெல்லாம் 'இன்சென்டிவ்', அதாவது உன் சாமர்த்தியம்.

என் பெரியம்மா மகன் இப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தான். ஆயுள் காப்பீடு. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான். முதல் நாள் பயிற்சியில் ஒரு நோட்டைக் கொடுத்து, உனக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுது என்றார்கள். அந்தத் தொழிலில் இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். இதற்கு 'நேச்சுரல் மார்க்கெட்' என்று பேரே இருக்கிறது. இயற்கையான சந்தை. அப்பா, பெரியப்பா, மூன்று மாமா, அத்தை வீட்டுக்காரர், கூடப் படித்தவர்கள், கிரிக்கெட் டீம், ஸ்கூல் வாத்தியார், முடி வெட்டுகிற அண்ணன், மளிகைக்கடை. யோசித்து யோசித்து எழுதியும் அறுபத்து மூன்றில் நின்றுபோனது. "நாயன்மார் கணக்குடா" என்று நாங்கள் சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த அறுபத்து மூன்று பேருக்கு நேராகவும் வயசு, வருமானம், பிள்ளைகள் எண்ணிக்கை என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொன்னார்.

முதல் மாதம் பெரிய மாமா ஒரு பாலிசி எடுத்தார். "பையன் முதமுத வேலைக்குப் போறான், முகத்த முறிக்க முடியுமா?" என்று அத்தையிடம் சொன்னாராம். இரண்டாவது மாதம் இன்னொரு மாமா. மூன்றாவது மாதம் ஒரு காதுகுத்தில் இவன் பந்தலுக்குள் வந்ததும் ஓரமாய் நின்ற ரெண்டு பேர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். பிறகு விசேஷங்களுக்கு வருவதை அவனே குறைத்துக்கொண்டான். ஏழாவது மாதம் வேலை போனது. போனது என்றுகூடச் சொல்ல முடியாது. டார்கெட் வரவில்லை, சம்பளம் நின்றது, அவனும் நின்றுவிட்டான். அவன் நாற்காலியில் ராசிங்காபுரத்துப் பையன் ஒருத்தன் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் ஒரு புது நோட்டு.

ஆட்கள் நிற்கமாட்டேன் என்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். நான் அந்த அலுப்பை நம்பமாட்டேன். பையன் ஏழு மாதத்தில் போனாலும் மாமாவின் பாலிசி அங்கேதானே இருக்கிறது. கம்பெனி வேலைக்கு எடுத்தது அவனையா அந்தப் பட்டியலையா என்று கேட்டுப்பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பட்டியல் தீர்ந்ததும் அடுத்த பட்டியல் வேண்டும்.

*

இந்தப் பட்டியல் நமக்குப் புதுசு இல்லை. பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை செய்து, அங்கே தொழிற்சங்கம் உருவாக உழைத்து, 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதை 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' (2013) அதிலிருந்து பிறந்தது. நாவலில் கருப்பனையும் வள்ளியையும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைக்குக் கூட்டிப்போகிற மேஸ்திரியைத் தமிழ் வாசகர்கள் மறக்கமாட்டார்கள். முன்பணம் கொடுப்பான், இனிக்கப் பேசுவான். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

ஆனால் மேஸ்திரியும் கங்காணியும் எப்படிப் பிழைத்தார்கள் என்ற வரலாறு அந்த நாவலைவிடச் சிக்கலானது. தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவான். கங்காணி போவது தெரியாத ஊருக்கு இல்லை, தன் சொந்த ஊருக்கு. தன் சாதி, தன் உறவு, தனக்குத் தெரிந்தவர்கள். ஆள் வந்து சேர்ந்தால் அவர்கள் செய்கிற வேலையில் அவனுக்குக் கமிஷன். இலங்கையில் ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்கு ஒரு சில்லறை உண்டு. 'பென்ஸ் காசு' என்று பேர். ஆள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டால் முன்பணம் கங்காணி கணக்கில் ஏறும். 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தக் கூலிக்கு இவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடன்தான் ஆளின் விலாசமாக இருந்தது.

'பரதேசி'யில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. கங்காணி வருகிறான், கண்ணை உருட்டுகிறான், அடிக்கிறான். பாலாவுக்கு அவன்மேல் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் படத்தில் அவனைப் பார்க்க விடுவதில்லை. சொந்த ஊர்க்காரனை, மாமன் முறை உள்ளவனைக் கூட்டிக்கொண்டு போய் விற்கிறவன் ராத்திரி எப்படித் தூங்குகிறான்? முதல் தடவை விற்கும்போது அவனுக்கு அது விற்பது என்று தெரியுமா? தனக்கு மேலே உள்ள கடனை அடைக்க ஆள் பிடிக்கிறான் என்றால், எத்தனையாவது ஆளில் அவன் கெட்டவனாகிறான்? ஒரு நாவலுக்கான கேள்விகள் இவை. 'பரதேசி' கேட்கவில்லை; 'எரியும் பனிக்காடு' அருகில் வரை போகிறது.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தேனி பஸ் ஸ்டாண்டில் ஹெல்மெட்டும் தோள்பையுமாக நிற்கிற பையனைக் கங்காணி என்று சொல்லவில்லை. கங்காணி கையில் பிரம்பு இருந்தது, பின்னால் துரை இருந்தான், தப்பி ஓடினால் பிடித்துவர ஆள் இருந்தது. இந்தப் பையன் கையில் டேப்லெட்தான் இருக்கிறது, அதுவும் கம்பெனியுடையது. ஒற்றுமை ஒரே இடத்தில். ரெண்டு பேரும் வைத்திருந்த ஒரே சரக்கு, ஊர் தங்கள்மேல் வைத்திருந்த நம்பிக்கை. அதை வெளியே இருக்கிற ஒரு முதலுக்கு மாற்றிக்கொடுப்பதற்குத்தான் அவர்களுக்குக் கூலி.

*

இந்த ஆளை உள்ளே நுழைந்து பார்த்த நாவல் ஒன்று இருக்கிறது. அதுவும் நம் பக்கத்துக்காரர் எழுதியதுதான், ஆனால் ஆங்கிலத்தில். ஆர்.கே. நாராயணின் 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்', 1952.

மார்கய்யா மால்குடியில் ஒரு கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிராமத்துக்காரர்கள் வங்கியில் கடன் வாங்க வருவார்கள். யாரிடம் எந்தப் பாரத்தை வாங்கி எப்படி நிரப்புவது, யார் பங்கில் யாருக்குக் கடன் எடுத்துக்கொடுப்பது எல்லாம் மார்கய்யாவுக்கு அத்துப்படி. ஒவ்வொன்றுக்கும் சில்லறை. வங்கி சும்மா கொடுக்கிற விண்ணப்பப் படிவத்தையே காசுக்கு விற்பார். வங்கியின் செயலாளரும் பியூனும் ஒரு நாள் வந்து பெட்டியைத் திறந்து படிவங்களை எடுத்துக்கொண்டு மிரட்டிவிட்டுப் போகிற இடம் இருக்கிறதே, அதுதான் எனக்கு நாவலின் மையம். மார்கய்யாவுக்கு அப்போது வருகிற கோபம், தான் அழுக்கு வேட்டி கட்டியிருந்தோம் என்பதில். காசு இல்லை என்பதைவிட, காசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தும் காசு இல்லாதவனாகத் தெரிகிறோம் என்பது. கமிஷன் வேலையின் அவமானத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த பக்கங்களை நான் வேறெங்கும் படிக்கவில்லை.

நாராயண் மார்கய்யாவை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அவர் லட்சுமியைக் குறித்து நாற்பது நாள் ஜபம் செய்வார், ஒரு புத்தகம் போட்டுப் பணக்காரராவார், பிறகு அதிக வட்டி தருவதாக ஊர் முழுக்க டெபாசிட் வாங்குவார். மகன் பாலுவை டாக்டர் பால் கெடுத்துவிட, கோபத்தில் மார்கய்யா அவரை அடிக்க, அவர் பதிலுக்குக் கிளப்பிவிட்ட வதந்தியில் ஒரே நாளில் எல்லாம் சரியும். நம்பிக்கையில் கட்டியது நம்பிக்கையோடு போகிறது. இதில் வங்கியின் குற்றம் எவ்வளவு, மார்கய்யாவின் பேராசை எவ்வளவு என்று நாராயண் பிரித்துத் தருவதில்லை. வங்கி ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஏழையால் அதன் வாசலைத் தாண்ட முடியவில்லை. அந்த வாசலுக்கு வெளியே ஒரு மார்கய்யா தேவைப்பட்டார். அவ்வளவுதான் சொல்கிறார். 1983இல் டி.எஸ். நாகாபரணா கன்னடத்தில் 'பேங்கர் மார்கய்யா' என்று படமாக எடுத்தார். கன்னடம்கூட எடுத்துக்கொண்டது. தமிழ்?

தமிழில் நமக்குப் பிடித்தது ஏமாற்றுக்காரன். 'சதுரங்க வேட்டை' (2014) சுவாரசியமான படம். ஆனால் அதில் மோசடி என்பது ஒரு புத்திசாலியின் வித்தை. மேடையில் பேசுகிறவனை நமக்குக் காட்டுகிறார்கள்; கூட்டத்தைக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தவன், ஊர்க்காரர்களிடம் மறுநாள் அடிவாங்கப் போகிறவன், அவன் ஓரத்தில் நிற்கிறான். 'மகாநதி' (1994) கொஞ்சம் நெருங்கியது. சீட்டுக் கம்பெனிக்கு முகமாக வைக்கப்பட்ட கிராமத்துக்காரர் ஜெயிலுக்குப் போகிறார், பணத்தோடு போனவன் வெளியே இருக்கிறான். ஆனால் கமல் ஏற்ற கிருஷ்ணசாமி வசதியான வீட்டு மனிதர். அவருக்கு இழக்க நிலம் இருந்தது.

புதுமைப்பித்தனை இங்கே இழுப்பது நியாயமா என்று தெரியவில்லை, இருந்தாலும் இழுக்கிறேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே எதிரே வந்து நின்றாலும் பிள்ளைவாள் அவரைத் தன் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறார். எல்லோரும் இதைக் கடவுளைக் கேலி செய்வதாகப் படிப்பார்கள். நான் கந்தசாமிப் பிள்ளையின் வீட்டு வாடகையை யோசிப்பேன். எதிரே வருகிறவன் யாராக இருந்தாலும் அவனை ஒரு சந்தாவாகப் பார்க்கிற கண் எப்படி ஒருவனுக்கு வருகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். நூறு பேர் பட்டியலில் கடவுளையும் சேர்த்த ஒரே ஆள் அவர்தான்.

*

எழுதப்படாத நாவலில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. நம்முடைய எழுத்தாளர்கள் வறுமையை எழுதுவார்கள், எண்ணை எழுதமாட்டார்கள்.

எல்.ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். 1956 செப்டம்பர் 1இல் தொடங்கியது, இன்றைக்கு 13 லட்சத்துக்கு மேல் ஏஜென்ட்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். நீண்ட காலப் பாலிசிகளுக்கு முதல் வருஷம் போனஸோடு சேர்த்து பிரீமியத்தில் 35 சதவீதம் என்று இருந்தது, 2024 அக்டோபரில் 28 ஆனது. பின்வருஷக் கமிஷன் கொஞ்சம் கூடியது, உண்மைதான்; ஆனால் புதுசாக வருகிறவன் பின்வருஷம் வரை தாங்க வேண்டுமே. இப்போது மாதம் 2,000 ரூபாய் பிரீமியத்தில் ஒரு பாலிசியை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 560 ரூபாய் கமிஷன். எடுக்கிறவர் சொல்வார்: "தம்பி, முத ரெண்டு மாசத்த நீயே போட்ருப்பா, உனக்குத்தான் கமிஷன் வருதுல்ல." அப்படிக் கமிஷனில் பங்கு கொடுப்பதை 1938ஆம் வருஷக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு தடுக்கிறது, பாலிசிப் பத்திரத்திலேயே அச்சடித்திருக்கும். யார் படித்தார்கள்? பையன் கைக்காசு 4,000 போடுவான். கமிஷன் மாதாமாதம்தான் வரும். அந்த மாமா ஐந்து மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிட்டால் இவனுக்கு மொத்தம் வந்தது 2,800. மாமாவின் உயிரைக் காப்பீடு செய்ததில் 1,200 ரூபாய் நஷ்டம், பெட்ரோல் தனி. மாமாவிடம் போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால் மாமா இல்லாமல் போய்விடுவார்.

இந்த ஒரு பத்தியில் ஒரு நல்ல சிறுகதை இருக்கிறது. தமிழில் உறவுச்சொல் வெறும் கூப்பிடு பெயர் இல்லை. அதில் கடமையும் உரிமையும் உண்டு. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், மருமகன் சொன்னால் மாமன் முகத்தை முறிக்கக் கூடாது. விற்பனைப் பயிற்சி நடத்துகிறவர்கள் இலக்கணம் படிக்காமலே இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பையன் 'மாமா' என்று கூப்பிட்டதும் எதிரே இருக்கிறவர் பாதி கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரே சொல், பாலிசிக்கு முன்னால் ஒன்றாகவும் பின்னால் ஒன்றாகவும் ஒலிக்கும். அந்த வித்தியாசத்தை எழுத சினிமா தேவையில்லை, நாவல்தான் வேண்டும்.

குழுக் கடன் இன்னும் கடினமான இடம். ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலிக்க வருகிற பையனுக்கு இருபத்து மூன்று வயசு இருக்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களிடம் வசூல் என்றால் ஜீப் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும். அவன் அம்மாவும் அதேபோல் ஒரு ஜீப்பில் ஏறிக்கொண்டிருப்பாள். அவள் குழுவுக்கு வேறு கம்பெனிப் பையன். 2020 ஊரடங்கில் எல்லை மூடி, சிலமலைக்காரர்கள் தோட்டத்துக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கச் சொன்னது; தள்ளிவைத்த தவணைக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதை அந்தப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் இவன். கவர்னர் பேசியதை வாசலில் நின்று மொழிபெயர்க்க வேண்டியவன். அந்த மொழிபெயர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. தேவையான சட்டம். வாசலில் உட்கார்ந்து அசிங்கமாகப் பேசுவதைப் பார்த்த யாரும் அதை எதிர்க்கமாட்டார்கள். ஆனால் பக்கத்துவீட்டுக்காரர் போன் போட்டுச் சொல்லி, போலீஸ் வண்டி வந்து நிற்கும்போது அந்தத் தெருவில் இருக்கப்போவது யார்? வட்டியை நிர்ணயித்தவர் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்.

*

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். "தூக்கு மாட்டிக்கிட்ட பொம்பளைக்கே இன்னும் யாரும் ஒழுங்கா எழுதல. வசூலுக்கு வந்தவனுக்கு எழுதணுங்கிறீங்களா?" என்றார். அதற்கு வாயை மூட வைக்கிற பதில் என்னிடம் இல்லை. அந்தப் பெண்ணின் கதை முதலில் வரவேண்டும் என்றால் வரட்டும். ஆனால் அந்தக் கதையை எழுதுகிறவர் வாசலில் நிற்கும் பையனை வெறும் செருப்புச் சத்தமாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. 'எரியும் பனிக்காடு' வந்த காலத்துக்குத் துரை கண்ணுக்குத் தெரிந்தான். பங்களா தெரிந்தது, குதிரை தெரிந்தது. கங்காணியை வெறுத்துவிட்டு வாசகர் நிமிர்ந்து பார்த்தால் பின்னால் துரை நிற்பான். இப்போது பையனுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தால் ஒரு செயலிதான் இருக்கிறது. வெறுப்பு பையனோடு முடிந்துவிடும். கதையும் அங்கேயே முடிந்துவிடும்.

போடி பஜாரில் 'கமிஷன் மண்டி' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு கெட்ட பேரும் கிடையாது. லைசென்ஸ் வாங்கி ஏலம் நடத்துகிறவருக்குக் கமிஷன் என்பது தொழில், வருமானவரிக் கணக்கில் ஒரு வரி. முதல் வைத்திருக்கிறவன் வாங்கினால் மண்டி, முதல் இல்லாதவன் வாங்கினால் 'வர்றான் பாரு பாலிசி'. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்ட நாவலாசிரியருக்கு மீதி தானாக வரும்.

யார் எழுதுவார்கள் என்று கேட்டால், இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் என்றுதான் சொல்வேன். இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் போனில் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் பகலில் 'குட் மார்னிங் டீம்' என்று ஆறரை மணிக்கே கத்துகிற ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பவர்கள். ஐசி 38 தேர்வு எழுதி, டை கட்டி, மந்த் எண்ட் என்றால் வயிறு கலங்குகிறவர்கள். கல்லூரிப் பேராசிரியரும் சென்னைப் பத்திரிகையாளரும் எழுதினால் வெளியே நின்று எழுதுவார்கள். பட்டியலில் முப்பத்தேழாவது பெயரை எழுதும்போது பேனா ஒரு நிமிஷம் நின்றது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. பரிதாபமாக எழுத வேண்டாம். மார்கய்யாவைப் படித்துவிட்டு எழுதுங்கள். அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், எரிச்சல்படுகிறோம், ஒரு இடத்திலும் 'ஐயோ பாவம்' என்பதில்லை. பையன் பொய்யும் சொல்கிறான் என்பதை எழுத வேண்டும். பத்து வருஷத்தில் டபுள் என்று அத்தையிடம் சொன்னபோது அவனுக்குத் தெரியும்.

லெனின் பாரதியின் படத்துக்குத் திரும்புகிறேன். அதில் எனக்கு வேண்டியிருந்தது ஐந்து நிமிஷம்தான். கடை சாத்திய பிறகு, ஷட்டர் பாதி இறங்கியிருக்க, அந்த ஆள் நோட்டைத் திறந்து ரங்கசாமி பக்கத்தைக் கூட்டுகிறார். கூட்டிவிட்டு, தன் பெயர் இருக்கிற இன்னொரு நோட்டை எடுத்து அதையும் கூட்டுகிறார். தேனி ஈஸ்வரின் கேமரா அந்த ரெண்டாவது நோட்டுக்கு மேலே, மூட்டையின் முடிச்சைப் பார்த்த அதே பொறுமையோடு, கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.